டிஜிட்டலா, அனலாகா: கணினியின் ஒலியை எங்கே மாற்றுவது?

மேசைக் கணினி ஒன்றின் பின்புறத்தைப் பார்த்தால், அதிலிருந்து ஒலியை வெளியே எடுக்க நான்கு வழிகளாவது தென்படும்: பச்சை வளையம் போட்ட 3.5 மிமீ ஜாக், சிறிய மூடியுடன் கூடிய சதுரமான ஆப்டிகல் துளை, வரிசையாக யுஎஸ்பி போர்ட்கள், கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும் எச்டிஎம்ஐ. இவற்றில் முதலாவது, ஒலியை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக அனுப்பும் அனலாக். மற்ற மூன்றும் அதை எண்களாக அனுப்பும் டிஜிட்டல். டிஜிட்டல் என்றாலே தரம் கூடியது என்ற எண்ணம் ஊன்றிவிட்டதால், பச்சை ஜாக்கில் ஸ்பீக்கரைச் செருகுவது வேறு வழியில்லாதவர்கள் செய்யும் ஏற்பாடு என்பது போலப் பேசப்படுகிறது. அந்த எண்ணத்தில் உண்மை கொஞ்சம் இருக்கிறது என்றாலும், அது கேள்வியைத் தவறான இடத்தில் வைக்கிறது.

காதுக்குள் போவது எண்கள் அல்ல, காற்றின் அழுத்த மாற்றம். அந்த அழுத்தத்தை உண்டாக்கும் ஸ்பீக்கரின் கம்பிச் சுருளுக்கும் தேவைப்படுவது தொடர்ச்சியாக ஏறி இறங்கும் மின்சாரம்தான். ஆகவே கோப்பில் எண்களாக இருக்கும் ஒலி, வழியில் எங்காவது ஓரிடத்தில் மின்னழுத்தமாக மாறியே தீர வேண்டும். இந்த வேலையைச் செய்யும் சிப்பைத்தான் டி.ஏ.சி. என்கிறோம். அனலாக் கேபிளைத் தேர்ந்தெடுப்பவர் அந்த மாற்றத்தைக் கணினிக்குள்ளேயே முடித்துக்கொள்கிறார். டிஜிட்டல் கேபிளைத் தேர்ந்தெடுப்பவர் அதே வேலையை ரிசீவர் (பல ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி), ஸ்பீக்கர், ஹெட்போன், மானிட்டர் என வேறொரு பெட்டியிடம் ஒப்படைக்கிறார். எனவே எந்தக் கேபிள் சிறந்தது என்று கேட்பதைவிட, எந்தப் பெட்டி இந்த வேலையை நன்றாகச் செய்யும் என்று கேட்பதே பயனுள்ளது.

இந்த இடமாற்றம் புதிதல்ல. 1990களின் கணினிகளில் சிடி டிரைவுக்குள்ளேயே ஒரு டி.ஏ.சி. இருந்தது, டிரைவின் பின்னாலிருந்து சவுண்ட் கார்டுக்கு நான்கு முனை கொண்ட மெல்லிய அனலாக் கேபிள் ஒன்று போகும். அந்தக் கேபிளைப் பொருத்த மறந்துவிட்டால் பாட்டு ஓடும், நேரம் நகரும், ஸ்பீக்கரில் மட்டும் ஒன்றும் கேட்காது. பிறகு விண்டோஸ் 2000, எக்ஸ்பி காலத்தில் டிரைவின் பண்புப் பக்கத்தில் டிஜிட்டல் சிடி ஆடியோவை இயக்கும் ஒரு தேர்வு வந்தது. அதைக் குறியிட்டால் டிரைவு எண்களை மட்டும் தகவல் கேபிள் வழியே அனுப்பும், மாற்றும் வேலை சவுண்ட் கார்டுக்குப் போய்விடும். இன்று ஆப்டிகலா பச்சை ஜாக்கா என்று யோசிப்பவர் எதிர்கொள்ளும் கேள்வியும் அதேதான்; மாற்றத்தின் இடம் மட்டும் இன்னும் ஒரு படி வெளியே நகர்ந்திருக்கிறது.

முதலில் கணினிக்குள் நடப்பதைப் பார்ப்போம். சிடி தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலியை அத்தனை முறை அளந்து குறித்த எண்கள், ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட்கள். இந்த அளவு, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளியைத் தருகிறது. 24 பிட்டில் கோட்பாட்டளவில் அது 144 டெசிபல் ஆகும்; ஆனால் அந்த எல்லையை எந்த டி.ஏ.சி.யும் எட்டுவதில்லை, மின்னணுச் சுற்றின் சொந்த இரைச்சலே அதற்கு முன்பாகத் தடுத்துவிடும். மதர்போர்டில் பதித்த ஒலிச் சிப்களுக்கு இன்டெல் 1997இல் ஏசி97 என்ற வரையறையையும், 2004இல் எச்டி ஆடியோ என்ற வரையறையையும் வகுத்தது. ஏசி97 காலத்துச் சிப்கள் பல 48,000 மாதிரிகள் என்ற ஒரே வேகத்தில் இயங்கியதால் சிடி பாடல்களை அதற்கேற்ப மாற்றிக் கணக்கிட வேண்டியிருந்தது, அந்தக் கணக்கும் பெரும்பாலும் சுமாராகவே செய்யப்பட்டது. மதர்போர்டு ஒலி என்றால் மட்டம் என்ற பெயர் அப்போது வந்தது. சிப்கள் பின்னர் வெகுவாக முன்னேறிவிட்டன, பெயர் மட்டும் மாறவில்லை.

இன்றைய மதர்போர்டில் சிப்பைவிட அதன் அக்கம்பக்கமே தொல்லை. டி.ஏ.சி.யிலிருந்து வெளிவரும் சிக்னல் உச்சத்தில் ஒன்று இரண்டு வோல்ட்தான். பாட்டின் மெல்லிய பகுதிகளில் அது மில்லிவோல்ட்டிலும் அதற்குக் கீழும் இறங்கிவிடும். அதே பலகையில் சில அங்குலங்கள் தள்ளி, செயலிக்குப் பல பத்து ஆம்பியர் மின்சாரத்தை நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடி அளிக்கும் மின்சுற்றுகள் இயங்குகின்றன. அமைதியான அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒன்றும் ஒலிக்காத நேரத்தில் மவுஸை மெல்ல நகர்த்திப் பாருங்கள்: சில கணினிகளில் மவுஸ் நகரும்போதெல்லாம் மெலிதாகக் கீச்சிடும் ஒரு சத்தம் கூடவே வரும், நீண்ட பக்கமொன்றை மேலும் கீழும் உருட்டினால் அந்தச் சத்தத்தின் சுருதி மாறும், விளையாட்டு ஒன்றைத் தொடங்கியதும் அது தொடர்ச்சியான சீழ்க்கையாகிவிடும். எர்த் பாதையிலும் மின்வழங்கலிலும் உண்டாகும் ஏற்ற இறக்கம் இவ்வாறு சிக்னலில் கலந்து வருவதைத் தவிர்க்கத்தான் தயாரிப்பாளர்கள் ஒலிப் பகுதியைப் பலகையின் ஓர் ஓரத்தில் தனித் தீவாகப் பிரித்து வைக்கிறார்கள். கேபினெட்டின் முன்பக்க ஜாக்கில் இந்த இரைச்சல் பெரும்பாலும் கூடுதலாகக் கேட்பதற்குக் காரணம், அந்த ஜாக்குக்குப் போகும் கம்பி கேபினெட்டின் உள்ளே கிராஃபிக்ஸ் கார்டையும் மின் கம்பிகளையும் உரசிக்கொண்டு நீண்ட தூரம் செல்வதுதான். பின்பக்க ஜாக்குக்கு மாற்றினாலே பல புகார்கள் தீர்ந்துவிடும், ஒரு காசு செலவில்லாமல்.

இத்தகைய இரைச்சல் கேட்காத கணினியில், சாதாரண இரண்டு ஸ்பீக்கருக்குப் பச்சை ஜாக்கைவிட மேலான வழி தேவையில்லை என்பது என் கருத்து. அதில் கருவிகளுக்கு இடையே பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது, தாமதம் கிடையாது, எதிர்முனையில் எந்தக் காலத்துக் கருவி இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். மேசை ஸ்பீக்கர்களின் உருச்சிதைவு, நல்ல நிலையில் உள்ள மதர்போர்டு டி.ஏ.சி.யின் சிதைவைவிடப் பன்மடங்கு அதிகம். ஹெட்போன் மட்டும் இதில் ஒரு விதிவிலக்கு. டி.ஏ.சி. நன்றாக இருந்தாலும் அதற்குப் பின்னுள்ள சிறிய ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்தடை அதிகமாக இருந்தால், குறைந்த மின்தடை கொண்ட ஹெட்போனில் ஒலியின் சமநிலை மாறும். ஹெட்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அது போகக் கூடாது என்பது நடைமுறை விதி. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம் என்று கொள்ளலாம். 250, 300 ஓம் ஹெட்போன்களிலோ சிக்கல் வேறு: போதுமான மின்னழுத்தம் கிடைக்காமல் ஒலி தாழ்ந்தே நின்றுவிடும். இவை இரண்டும் ஆம்ப்ளிஃபயரின் குறைகள், அனலாக் கேபிளின் மீது போடக்கூடிய பழிகள் அல்ல.

அனலாகின் உண்மையான எதிரி கிரவுண்ட் லூப். கணினியும் ஆம்ப்ளிஃபயரும் தத்தம் மூன்று முனைப் பிளக் வழியாக எர்த்துடன் இணைந்திருக்கின்றன. இப்போது ஆடியோ கேபிளின் வெளிக் கவசக் கம்பியும் இரண்டையும் இணைக்கிறது. இவ்வாறு ஒரு முழு வளையம் உருவாகும்போது, இரு எர்த் முனைகளுக்கும் இடையிலுள்ள மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு அந்தக் கவசத்தின் வழியே மின்சாரத்தை ஓட்டுகிறது. சிக்னலுக்கும் அதே கவசமே திரும்பும் பாதை என்பதால், மின்விநியோகத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ஒரு கனத்த ஹம் சத்தமாக ஸ்பீக்கரில் வந்து அமர்கின்றன. மடிக்கணினியாக இருந்தால் சோதிப்பது எளிது: சார்ஜரைப் பிடுங்கியதும் ஹம் நின்றால் அது கிரவுண்ட் லூப்தான். இரண்டு கருவிகளையும் ஒரே மின்பலகையில் செருகுவது, இடையில் ஒலிக்கான தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பொருத்துவது ஆகியவை பயன்படும். பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடச் சொல்லும் ஆலோசனையும் காதில் விழும். அது ஹம்மை நிறுத்தலாம், கருவிக்குள் பழுது ஏற்பட்ட நாளில் தொடுபவரின் உயிரையும் நிறுத்தலாம்.

ஆப்டிகல் கேபிளின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. தோஷிபா நிறுவனம் 1983இல் கொண்டுவந்த டாஸ்லிங்க், ஏறத்தாழ 1 மிமீ தடிமனுள்ள பிளாஸ்டிக் இழையில் சிவப்பு ஒளியாகத் தகவலை அனுப்புகிறது. இரண்டு கருவிகளுக்கும் இடையே உலோகத் தொடர்பே இல்லாததால், அந்தக் கேபிள் வழியாக வளையம் உருவாக வழியில்லை. ஹம் இருந்த இடத்தில் முழு அமைதி. எஸ்/பிடிஐஎஃப் எனப்படும் வடிவிலான அதே டிஜிட்டல் தகவலைச் செம்புக் கம்பியில் அனுப்பும் 75 ஓம் கோஆக்சியல் கேபிளுக்கு இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைப்பதில்லை. அதன் கவசம் இரு கருவிகளின் எர்த்தையும் இணைத்துவிடுகிறது, இடையில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கருவிகளைத் தவிர. ஒலிக்கான எண்களை ஹம் கெடுக்காது. ஆனால் அந்தக் கம்பி வழியே ரிசீவரின் அனலாக் பகுதிக்குள் அது நுழைந்துவிடலாம். டிஜிட்டலுக்கு மாறியும் ஹம் போகவில்லையே என்று வியப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் இது.

எஸ்/பிடிஐஎஃப் என்பது சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் இடம், வலம் என இரண்டு சேனல் ஒலிக்காக வகுத்தது. அதன் குறுகிய அகலமே பல ஏமாற்றங்களுக்குக் காரணம். சுருக்கப்படாத ஒலி என்றால் இரண்டு சேனல்களுக்கு மேல் அதில் செல்லாது. ஆறு சேனல் கொண்ட 5.1 ஒலி போக வேண்டுமானால் அது டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் வடிவில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். டால்பி டிஜிட்டலின் உச்ச வேகம் நொடிக்கு 640 கிலோபிட், டிடிஎஸ்ஸுக்கு ஏறத்தாழ 1.5 மெகாபிட். டிவிடி படத்தில் ஒலி ஏற்கெனவே அந்த வடிவில் இருப்பதால் ரிசீவரின் ஆறு ஸ்பீக்கர்களும் பேசுகின்றன. அதே கேபிளில் விளையாட்டு ஒன்றைத் தொடங்கினால் இரண்டு மட்டுமே பேசும், ஏனென்றால் விளையாட்டின் ஒலி அந்தந்தக் கணத்தில் உருவாவது. அதை உடனுக்குடன் சுருக்கிக் கொடுக்க டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் என்ற வசதி ஒலிச் சிப்பை இயக்கும் நிரலான டிரைவரில் இருந்தாக வேண்டும். பழைய பாணியில் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று அனலாக் கேபிள்களைச் செருகியவருக்கோ ஆறு சேனல்களும் சுருக்கப்படாமல், தாமதமின்றிக் கிடைக்கின்றன. பல சேனல் விளையாட்டுக்கு ஆப்டிகலைவிட அனலாக் மேலானது என்பதை இன்றைக்கும் சிலர் நம்ப மறுக்கிறார்கள்.

எஸ்/பிடிஐஎஃப்புக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தகவலுடன் கடிகாரத் துடிப்பும் ஒரே ஓட்டத்தில் பின்னப்பட்டு வருவதால், எதிர்முனைக் கருவி முதலில் அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீண்ட மௌனத்துக்குப் பின் கணினி ஓட்டத்தை நிறுத்திவிட்டிருந்தால், அடுத்த ஒலியின் முதல் அரை நொடியோ ஒரு நொடியோ விழுங்கப்படும். பாடலில் இது பெரிதாகத் தெரியாது. ஒரு நொடிகூட நீடிக்காத அறிவிப்பு ஒலிகள் முழுவதுமாகக் காணாமல் போகும். கேட்காத அளவிலான மௌனத்தை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் சிறு நிரல்கள் இதற்கென்றே எழுதப்பட்டிருக்கின்றன.

டிஜிட்டல் கேபிளின் விலை பற்றியும் ஒரு வார்த்தை. அனலாக் கேபிளில் சேரும் இரைச்சல் சிக்னலுடன் கலந்து அதன் பகுதியாகிவிடுகிறது. டிஜிட்டல் கேபிளிலோ, சிக்னல் ஒன்றா பூஜ்யமா என்று எதிர்முனை சரியாகக் கண்டுகொள்ளும் வரை ஒலியின் எண்களில் எந்த மாற்றமும் இல்லை. கண்டுகொள்ள முடியாத நிலை வரும்போது சொடுக்குச் சத்தமும் வெட்டுகளும் வரும், அல்லது ஒலியே நின்றுபோகும். எஸ்/பிடிஐஎஃப்பில் தவறிய தகவலை மறுபடி கேட்டுப் பெறும் வழி இல்லாததால், குறை இருந்தால் அது மறைவாக இல்லாமல் வெளிப்படையாகவே கேட்கும். ஒரு ஆப்டிகல் கேபிள் குரலுக்கு இதம் சேர்க்கிறது, இன்னொன்று தாழ்ந்த ஒலிக்குக் கனம் சேர்க்கிறது என்று சொல்லி விற்பது வெறும் வணிகம். கடிகாரத் துடிப்பின் நடுக்கமான ஜிட்டர் மட்டுமே கோட்பாட்டளவில் விவாதிக்கத் தக்கது; அதையும் இன்றைய ரிசீவர் சிப்கள் காதுக்கு எட்டாத அளவுக்கு வடிகட்டிவிடுகின்றன. ஆப்டிகல் கேபிளை வாங்கும்போது பார்க்க வேண்டியவை நீளமும் முனையின் உறுதியும்தான்: சில மீட்டர் வரை கவலையில்லை, கூர்மையாக மடித்தால் மட்டும் இழை பழுதாகும்.

எச்டிஎம்ஐ இந்தக் குறுகிய அகலத்தை உடைத்தது. 2002இல் வந்த முதல் பதிப்பிலேயே எட்டு சேனல்கள் வரை சுருக்கப்படாத ஒலிக்கு இடமிருந்தது, 2006இன் 1.3 பதிப்பு, டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகிய, தரம் குறையாமல் சுருக்கிய ஒலி வடிவங்களை அப்படியே ரிசீவருக்கு அனுப்பவும் வழி செய்தது. திரைப்படமோ விளையாட்டோ, ரிசீவரும் பல ஸ்பீக்கர்களும் இருக்கும் அறையில் இதற்கு நிகரான வழி வேறில்லை. ஆனால் எச்டிஎம்ஐயில் ஒலி எப்போதும் படத்தின் கூடவே பயணம் செய்யும். கணினிக்கு ரிசீவர் ஒரு மானிட்டராகத் தெரிவதால், யாரும் பார்க்காத இரண்டாம் திரை ஒன்று உருவாகி, ஜன்னல்களும் மவுஸ் குறியும் அதற்குள் போய் மறைந்துகொள்ளும். ரிசீவர் பழையதாக இருந்தால், அதன் வழியே போகும் படத்தின் தெளிவும் புதுப்பிப்பு வேகமும் அதன் எல்லைக்குள் அடங்கிவிடும். படத்தை நேரே டிவிக்கு அனுப்பி, டிவியிலிருந்து ஒலியை மட்டும் ரிசீவருக்குத் திருப்பும் வசதி 2009இல் ஏஆர்சி என்ற பெயரில் வந்தது, அது ஏறத்தாழ ஆப்டிகலின் குறுகிய அகலத்துடனே, 2017இன் 2.1 பதிப்போடு வந்த இஏஆர்சிதான் முழு அகலத்தையும் கொடுத்தது.

எச்டிஎம்ஐ பயன்படுத்துபவர்களில் கணிசமானோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. மானிட்டருக்கு எச்டிஎம்ஐயில் ஒலியை அனுப்பி, மானிட்டரின் பின்னால் உள்ள ஹெட்போன் ஜாக்கில் ஸ்பீக்கரைச் செருகும்போது, அவர்கள் டிஜிட்டல் இணைப்பில் கேட்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் மாற்றும் வேலை மானிட்டருக்குள் இருக்கும், பெரும்பாலும் மலிவான, ஒரு டி.ஏ.சி.க்குப் போயிருக்கிறது, மதர்போர்டின் பச்சை ஜாக் அதைவிட நன்றாக ஒலிப்பதற்கான வாய்ப்பே அதிகம்.

இதற்கு நேர் எதிரான சூழலும் உண்டு. இன்றைய ஸ்பீக்கர்களில் பல, அனலாக் உள்ளீட்டில் வரும் சிக்னலையும் உள்ளே மீண்டும் எண்களாக்கி, ஒலிச் சமநிலைக் கணக்குகளைப் போட்டு, பின்னர் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகின்றன. அத்தகைய ஸ்பீக்கரில் பச்சை ஜாக்கைப் பயன்படுத்தினால் எண் மின்னழுத்தமாகி, மின்னழுத்தம் எண்ணாகி, எண் மறுபடி மின்னழுத்தமாகிறது. இழப்பு காதுக்குத் தெரியும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும் ஆப்டிகல் அல்லது யுஎஸ்பி உள்ளீடு அதே ஸ்பீக்கரில் இருக்கும்போது இந்தச் சுற்றுப்பயணத்துக்குத் தேவையே இல்லை.

யுஎஸ்பி இணைப்பில் சேர்வது கேபிள் மட்டுமல்ல, வெளியே வைத்த முழுமையான ஒரு சவுண்ட் கார்டு. இதற்கான பொது வரையறை 1998இல் வந்தது. அதன் இரண்டாம் பதிப்பை விண்டோஸ் தானாகவே புரிந்துகொள்ளத் தொடங்கியது 2017இல்தான், அதுவரை உயர்ந்த வேகங்களுக்குத் தனி டிரைவர் நிறுவ வேண்டியிருந்தது. நல்ல யுஎஸ்பி டி.ஏ.சி.க்களில் கடிகாரம் கருவிக்குள்ளேயே இருக்கும். தனக்கு எவ்வளவு தகவல் எவ்வளவு வேகத்தில் வேண்டும் என்று கருவியே கணினிக்குச் சொல்லும், ஆகவே கணினியின் துடிப்பு நடுக்கம் அதைப் பாதிப்பதில்லை. டி.ஏ.சி. மதர்போர்டின் மின்னிரைச்சலிலிருந்து விலகி வந்துவிடுவது இதன் பெரிய ஆதாயம். ஆனால் யுஎஸ்பி கேபிளில் மின்வழங்கலும் எர்த்தும் கூடவே வருகின்றன. அதனால் டி.ஏ.சி.யை ஓர் ஆம்ப்ளிஃபயருடன் இணைத்தவுடன் பழைய கிரவுண்ட் லூப் யுஎஸ்பி வழியே திரும்பி வரலாம். ஹெட்போனை மட்டும் மாட்டுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. மதர்போர்டு ஜாக்கில் இரைச்சல் கேட்கும் ஹெட்போன் பயனருக்கு நான் முதலில் சொல்வது சிறிய யுஎஸ்பி டி.ஏ.சி. ஒன்றைத்தான். புளூடூத்தும் டிஜிட்டல் வழியே என்றாலும், அது ஒலியை மறுபடி சுருக்கியே அனுப்புகிறது, தாமதமும் எளிதாகக் காதில் படும். வசதி கருதி ஏற்கலாம், தரம் கருதி அல்ல.

எந்த டிஜிட்டல் வழியைத் தேர்ந்தாலும், கோப்பில் உள்ள எண்கள் அப்படியே கேபிளில் போகின்றன என்று எண்ண வேண்டாம். விண்டோஸ் எல்லா நிரல்களின் ஒலியையும் கலந்து, நொடிக்கு இத்தனை மாதிரிகள் என்று அமைப்பில் குறித்த ஒரே வேகத்துக்கு மாற்றி, ஒலியளவையும் பெருக்கிக் கழித்த பிறகே வெளியே விடுகிறது. இந்தக் கணக்கு, நுண்ணிய பின்னங்களையும் காக்கும் மிதவைப் புள்ளி எண்களில் நடப்பதால் அதில் பெரிய சேதமில்லை. வெளியீடு 16 பிட்டாக இருக்கும்போது ஒலியளவைக் கணினியில் மிகவும் தாழ்த்தினால் மட்டும் பிட்கள் வீணாகும். வெளியீட்டை 24 பிட்டில் வைத்து, கணினியின் ஒலியளவை உச்சத்துக்கு அருகே நிறுத்தி, கூட்டுவதையும் குறைப்பதையும் ஆம்ப்ளிஃபயரில் செய்வது நல்லது. அனலாக் இணைப்புக்கும் இதே முறை பொருந்தும், ஏனெனில் கேபிளில் சேரும் இரைச்சலுக்கு மேலே சிக்னல் உயர்ந்து நிற்கும்.

தாமதம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. பெரும்பாலோருக்கு அது பொருட்டல்ல, சிலருக்கு எல்லாமே அதுதான். ரிசீவர்களும் டிவிகளும் டிஜிட்டல் ஒலியைப் பெற்று, பிரித்து, கணக்கிட்டு வெளியிடும்போது பல பத்து மில்லி நொடிகள் கழிந்துவிடலாம். படம் பார்ப்பவர் உதட்டசைவும் குரலும் பொருந்தாததைக் கண்டால் இயக்கு நிரலிலேயே ஒலியை முன்னோ பின்னோ நகர்த்தித் திருத்திக்கொள்ளலாம். தன் குரலைப் பதிவு செய்துகொண்டே ஹெட்போனில் கேட்கும் பாடகருக்கு அந்த வழி இல்லை. பத்துப் பதினைந்து மில்லி நொடித் தாமதமே அவருக்கு இடறும். அதனால் ஒலிப்பதிவுக்கான யுஎஸ்பி கருவிகள் பலவற்றில் மைக்கின் சிக்னல் இரண்டாகப் பிரிகிறது: ஒன்று எண்களாகிக் கணினிக்குப் போகிறது, மற்றொன்று எண்ணாக மாறாமலே, கருவிக்குள் உள்ள ஒரு சிறு திருகு வழியாக நேரே ஹெட்போனுக்குப் போகிறது. பதிவாவது டிஜிட்டல், பாடகர் தன் குரலைக் கேட்பது அனலாக்.